பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு இழைப்புளி: வாங்குவது முதல் தீட்டுவது வரை

மூன்று வருடத்தில் பதினொரு பழைய இரும்பு இழைப்புளிகள் (பலகையைச் சீவிச் சமப்படுத்தும் தச்சுக் கருவி) வாங்கினேன். அவற்றில் நான்கு இன்று என் பட்டறையில் வேலை செய்கின்றன. இரண்டு பாகம் கிடைக்காமல் அலமாரியில் கிடக்கின்றன. மீதி ஐந்தும் வாங்கிய இடத்துக்கே எடைக்குப் போய்விட்டன. அந்த ஐந்துக்கு நான் கொடுத்த பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இழைப்புளியை வைத்தே சொல்கிறேன். உளி, ரம்பம், சுத்தியல் எல்லாவற்றையும் விட இதில்தான் பாகங்கள் அதிகம், ஏமாறும் இடங்களும் அதிகம். இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உளி வாங்குவதெல்லாம் சுலபம்.

1. முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் முடிவு செய்யலாம் என்று கிளம்பினால் பை நிறையக் குப்பையோடுதான் வருவீர்கள். முதல் கருவியாக 4ஆம் எண் அல்லது 5ஆம் எண் இழைப்புளியைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் வைத்த எண் முறை இது. இங்கிலாந்தின் ரெக்கார்ட் உட்படப் பல நிறுவனங்கள் அதையே பின்பற்றின. 4ஆம் எண் ஏறக்குறைய 9 அங்குல நீளம் இருக்கும். கடைசி மெருகுக்கு அது. 5ஆம் எண் 14 அங்குலம். கரடுமுரடான பலகையை வழிக்குக் கொண்டுவர. இரண்டிலும் மரத்தைச் சீவும் தகடு பெரும்பாலும் 2 அங்குல அகலம். அதிகமாகத் தயாரானவை இந்த இரண்டும்தான், அதனால் உதிரி பாகமும் இவற்றுக்குத்தான் கிடைக்கும்.

விசித்திரமான எண்ணும் கூடுதல் திருகுகளும் உள்ள கருவி ஒன்று கண்ணில் பட்டு ஆசையைக் கிளப்பும். முதல் வருடம் அதைத் தொடாதீர்கள். அலமாரியில் கிடக்கும் என் இரண்டும் அப்படி வந்தவைதான்.

பழைய ரம்பத்தையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பல்லுக்குப் பல் அரம் போட்டு, இடம் வலம் என்று சாய்க்கத் தெரியாமல் ரம்பம் வாங்குவது வீண். பிடியில் பித்தளை வில்லையில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருந்தால் அது கம்பெனிப் பெயர் என்று நினைத்து அதிக விலை கொடுத்துவிடாதீர்கள். பல தயாரிப்பாளர்களும் பயன்படுத்திய பொதுவான வில்லை அது.

2. பையில் எடுத்துப்போக வேண்டியவை

சின்ன டார்ச், ஒரு காந்தம், 6 அங்குல ஸ்டீல் ஸ்கேல், தட்டை முனைத் திருப்புளி, பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் துணி. காந்தம் எதற்கு என்று கீழே வரும். அப்புறம் சில்லறை. 500 ரூபாய் தாளை நீட்டிக்கொண்டு 350 ரூபாய்க்குப் பேரம் பேச முடியாது.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். உக்கடம் பக்கம் இருக்கும் பழைய இரும்புக் கடைகளில் காலை 10 மணிக்குள் போய்விடுவேன். மூடிய மில்களின் பராமரிப்புப் பட்டறைச் சாமான்கள், வேலையை விட்ட தச்சர்களின் பெட்டிகள் எல்லாம் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான் வருகின்றன. சென்னையில் இருப்பவர்கள் சென்ட்ரல் பின்னால் அல்லிக்குளம் பக்கமும் புதுப்பேட்டைப் பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல கருவிகளில் பாதி கடையில் கிடைத்தவை அல்ல. வயதான தச்சர்களின் வீட்டுப் பரணிலிருந்து வந்தவை. தெருவில் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

3. கடையில் ஐந்து நிமிடச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் இழைப்புளி 900 ரூபாய். கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. கடைக்காரரே ‘சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன்’ என்றார். வீட்டுக்கு வந்து துருவுக்காக வினிகரில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து மிதக்கிறது. வாய்க்கு, அதாவது அடிப்பக்கத்தில் தகடு எட்டிப்பார்க்கும் பிளவுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் கீறினேன், எம்சீல் உதிர்ந்தது. அடியில் இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் வரை விரிசல். தகட்டைப் பூட்டி இறுக்கியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஏனுங்க தம்பி, சட்டி வாங்குனா தட்டிப் பாக்க மாட்டீங்களா? இதுக்கு மட்டும் ஏனுங்க தட்டாம வாங்குனீங்க?” என்றார்.

அதுதான் முதல் சோதனை. மேலே அழுத்தும் மூடியையும் தகட்டையும் எடுத்துவிடுங்கள். அதற்குத் திருப்புளிகூட வேண்டாம், லிவரைத் தூக்கினால் வந்துவிடும். உடலை விரல் நுனியில் தளர்வாகப் பிடித்துத் திருப்புளிக் காம்பால் பக்கச் சுவரில் மெதுவாகத் தட்டுங்கள். ‘ணங்’ என்று கொஞ்ச நேரம் நின்றால் நல்லது. ‘டொக்’ என்று செத்த ஒலி வந்தால் விரிசலைத் தேடுங்கள். மரப் பிடி தளர்ந்திருந்தாலும் ஒலி மழுங்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது காந்தம். அடிப்பக்கம், பக்கச் சுவர், வாயின் நான்கு மூலைகள் என்று மெல்ல நகர்த்துங்கள். எங்காவது பிடி விட்டால் அங்கே இரும்பு இல்லை, அடைத்திருக்கிறார்கள். புதுப் பெயின்ட் அடித்த கருவியை நான் இப்போது பெரும்பாலும் தொடுவதே இல்லை. துருப்பிடித்தது பரவாயில்லை, அது உண்மையைச் சொல்லும்.

வார்ப்பிரும்பு உடைந்தால் நம் தெருமுனை வெல்டிங் கடையில் சாதாரண ராடு வைத்து ஒட்ட முடியாது. ஒட்டினாலும் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். தெரிந்தவர்கள் நிக்கல் ராடு வைத்தோ பித்தளை ஊற்றியோ ஒட்டுவார்கள். அந்தக் கூலிக்கு இன்னொரு இழைப்புளியே வாங்கிவிடலாம். ஆகவே உடலில் விரிசல் என்றால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

மூன்றாவதாகத் தகடு. நடுவில் நீளமாக ஒரு பள்ளவழி இருக்கும். அதன் கீழ் முனையிலிருந்து வெட்டும் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழ் இருந்தால் தகட்டின் ஆயுள் முடிந்தது. புதுத் தகட்டுக்கான செலவை மனதில் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். பிறகு தகட்டைத் திருப்பி, சாய்வு இல்லாத பின்பக்கத்தில் விளிம்புக்கு அருகே பிரஷால் தேயுங்கள். துரு போன இடத்தில் ஊசி குத்தியது போல் குழிகள் இருக்கிறதா? துரு வேறு, குழி வேறு. துருவை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துவிடும். விளிம்பில் குழி இருந்தால் எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் விளிம்பு ஒடிந்ததுபோல மரத்தில் கோடு விழும். குழி எதுவரை இருக்கிறதோ அதுவரை தகட்டைச் சாணையில் தேய்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

நான்காவது, எண்ணிக்கை. தகடு சாய்ந்து உட்காரும் இரும்பு மேடை, அதை ஆங்கிலத்தில் தவளை என்பார்கள், நம் ஆட்களும் ‘ஃப்ராக்’ என்றே சொல்கிறார்கள். அதைப் பிடிக்கும் இரண்டு திருகு. தகட்டின் மேல் படியும் இரண்டாவது இரும்பு, அதன் திருகு. தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம். தகட்டைப் பக்கவாட்டில் தள்ளும் லிவர். பிடிகளின் நீள போல்ட்டும் பித்தளைத் தலையும். ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். ‘ஒரு திருகுதானே, ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளலாம்’ என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டான்லியில் கைப்பிடிக்கும் ஃப்ராக்குக்கும் வரும் திருகு 12-20 என்ற மரை. விட்டம் ஐந்தரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 20 மரை. நம் கடையில் கிடைக்கும் எம்5 உள்ளே ஆடும், எம்6 நுழையாது. லேத் பட்டறையில் ஒரே ஒரு திருகு கடைந்து தரச் சொன்னால் அரை நாள் அலைச்சல், கூடவே ஒரு முறைப்பும் கிடைக்கும்.

கடைசியாக, ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் மெல்லிய கீற்று தெரிந்தால் கவலையில்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

உளி வாங்குபவர்களுக்கு இரண்டு வரி. ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை இருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது மூசையில் உருக்கிய நல்ல எஃகைக் குறிக்கும் பழைய சொல். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து உளிகளில் நிறையப் பார்க்கலாம். விளிம்பருகே சின்ன அரத்தால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் (எஃகின் கடினம்) இருக்கிறது, வெண்ணெயில் போவதுபோல் பிடித்தால் யாரோ சாணையில் சுட்டுப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

4. விலை

எடைக்குப் போடும் விலை, கருவியாக விற்கும் விலை, ‘ஆன்டிக்’ விலை என்று மூன்று இருக்கின்றன. 4ஆம் எண் இழைப்புளி ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரும்பு எடைக்கு அது நூறு ரூபாயைக்கூடத் தொடாது. கடைக்காரருக்கும் அது தெரியும், ஆனால் நீங்கள் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்ததுமே அவர் இரண்டாவது விலைக்குப் போய்விடுவார். நான் கொடுத்தவை 350லிருந்து 1,400 வரை. முழுப் பாகங்களோடு, குழி இல்லாத தகட்டோடு இருந்தால் 1,000 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். தகட்டில் ஒரு பெயர், மூடியில் ஒரு பெயர், உடல் எந்தப் பெயரும் இல்லாத நகல் என்று கலந்து பூட்டியவை சந்தையில் ஏராளம். வேலைக்கு என்றால் அதுவும் ஓடும், விலையை மட்டும் குறையுங்கள்.

5. காகிதங்கள்

கைக்கருவிக்கு என்ன காகிதம் என்று சிரிக்காதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ரசீது: துண்டுச் சீட்டாக இருந்தாலும் தேதி, பொருள், தொகை, கடையின் முத்திரை அல்லது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் போனில் பணம் அனுப்புங்கள். அந்தப் பதிவாவது இருக்கும். வாங்கிய அன்றே கருவியை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். துரு நீக்கிய பின் முத்திரைகள் எங்கே இருந்தன என்று தேடும்போதும் அந்தப் படம் உதவும்.

ரயில்வே முத்திரை: பெரிய சுத்தியல், ஸ்பேனர், வைஸ் போன்றவற்றில் ரயில்வேயின் எழுத்துகள் பொறித்திருந்தால் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படத்தக்க ரயில்வே சாமான் உங்களிடம் இருந்தால், முறைப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. ரயில்வே தன் கழிவுப் பொருட்களை ஏலத்தில் விற்பது உண்மைதான், அப்படி வந்ததென்றால் கடைக்காரரிடம் ஏலக் காகிதம் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். ஒரு முறை நல்ல வைஸ் ஒன்றை இதனால் விட்டுவிட்டு வந்தேன். இன்னும் வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் விட்டது சரி.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்: இங்கிலாந்தில் இதே கருவி மலிவு என்று இணையத்தில் பார்த்து ஆர்டர் போடத் தோன்றும். பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் சுங்க வரி கணக்கிடுவார்கள். இரும்புக்கு எடை கூடுதல், அனுப்பும் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டும், அதற்கும் வரி. கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணம் கேட்கும்; தாமதமாகக் கொடுத்தால் பார்சல் நிற்கும் நாளுக்கும் சில இடங்களில் கட்டணம் ஏறும். விற்பவரிடம் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லும் பழைய தந்திரம் 2019 டிசம்பரோடு முடிந்தது. முழு வரியும் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டான்லியின் பழைய அமெரிக்க இழைப்புளிகளில் கைப்பிடி பிரேசில் ஈட்டி மரம். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான தடைப்பட்டியலில் இருக்கிறது. உரிய சான்று இல்லாமல் எல்லை தாண்டி வாங்கவோ விற்கவோ கூடாது. உள்ளூரில் கிடைத்ததை மட்டும் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால்: சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குத் தாத்தாவின் உளிப்பெட்டியை அனுப்ப நினைக்கிறீர்களா? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருட்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பழமை குறித்துச் சந்தேகம் வரும் பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிவிடுவது நல்லது. 1920களில் செய்த கருவிகள் இப்போதுதான் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

விமானத்தில் கூடவே கொண்டுவந்தால் செக்-இன் பெட்டியில் போடுங்கள். உளியையும் இழைப்புளித் தகட்டையும் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுப்பீர்கள். விளிம்பை அட்டையில் சுற்றி டேப் போடுங்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் விரலையும் நினைத்து.

6. கழற்றுவது

அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு திருகிலும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். திருப்புளியின் முனை திருகின் வெட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். தேவைப்பட்டால் திருப்புளியை அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள். இந்தப் பழைய திருகுகளின் வெட்டு குறுகலாக இருக்கும்.

முக்கியமான பொறி: பித்தளைச் சக்கரம் இடமரை. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் இறுகத்தான் செய்யும். நான் குறடு வைத்துத் திருகி, ஃப்ராக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையே ஒடித்தேன். என் எடைக்குப் போன ஐந்தில் அது இரண்டாவது.

பாகங்களைப் பழைய இட்லித் தட்டில் குழி குழியாக வைப்பது என் வழக்கம். எது எங்கிருந்து வந்தது என்று குழப்பம் வராது. வீட்டில் கேட்காமல் எடுத்தால் வேறு குழப்பம் வரும்.

7. துரு நீக்குவது

வினிகர், மின்சார முறை, எலுமிச்சை உப்பு மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். புதியவர்களுக்கு எலுமிச்சை உப்பே போதும். கிலோ 200 ரூபாய்க்குள் வாங்கினேன், ஐந்தாறு கருவிக்கு வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் தட்டில் இரும்புப் பாகங்களை மட்டும் மூழ்க விடுங்கள். பித்தளையும் மரமும் வெளியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். லேசான துரு என்றால் நான்கு மணி நேரத்தில் முடியும், கெட்டித் துருவுக்கு ஓர் இரவு. ஞாபகமில்லாமல் மூன்று நாள் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்று, சாம்பல் பூத்து, முத்திரை எழுத்தெல்லாம் மழுங்கிவிடும்.

எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். பிறகு நல்ல தண்ணீர். துடைத்தபின் வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படர்ந்திருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும்.

மின்சார முறை என்றால் சலவை சோடா கரைசலில் 12 வோல்ட் பாட்டரி சார்ஜரை வைத்துச் செய்வது. கருவி எதிர்முனையில், கழிவு இரும்பு நேர்முனையில். மாற்றிக் கொடுத்தால் உங்கள் கருவிதான் கரையும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள், குரோமிய நஞ்சு கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

பித்தளைச் சக்கரத்துக்குப் புளி. குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோல்தான்.

உடலில் மிச்சமிருக்கும் பழைய கறுப்புப் பூச்சை அப்படியே விடுங்கள். உரிந்த பெயின்டைச் சுரண்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேயுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூசியாகப் பறக்க விடக் கூடாது.

8. அடிப்பக்கம்

கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெட்டுத்துண்டு கேளுங்கள். அதன்மேல் 80ஆம் நம்பர் எமரி ஷீட்டை ஒட்டுங்கள். இழைப்புளியை முழுக்கப் பூட்டி, மூடியை இறுக்கி, தகட்டை மட்டும் உள்ளே இழுத்த நிலையில் தேய்க்க வேண்டும். மூடியின் அழுத்தத்தில் உடல் இம்மியளவு வளையும், வேலை செய்யும்போது இருக்கும் வடிவத்தில்தான் அதைச் சமப்படுத்த வேண்டும்.

அடிப்பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டு இருபது முறை தேய்த்துப் பாருங்கள். முன் முனை, வாய்க்கு முன்னால் உள்ள பகுதி, பின் முனை மூன்றிலும் கோடு அழிந்துவிட்டால் போதும், நிறுத்துங்கள். நடுவில் ஆங்காங்கே கோடு மிஞ்சினால் மிஞ்சட்டும். கண்ணாடி மாதிரி ஆக வேண்டும் என்று மூன்று ஞாயிறு தேய்த்த அனுபவத்தில் சொல்கிறேன், மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

9. தகடு தீட்டுவது

சாணைக் கடையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கத்திரி, அரிவாள் தீட்டுபவரிடம் கொடுத்தால் பொறி பறக்கத் தேய்த்துத் தருவார். விளிம்பு நீலமாக மாறியிருந்தால் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலம் எதுவரையோ அதுவரை தேய்த்துத் தள்ள வேண்டும். சாணைச் சக்கரம் உங்களிடமே இருந்தால் இரண்டு விநாடி தேய்ப்பு, உடனே தண்ணீரில் முக்கல். விரலால் தொட முடியாத சூடு வரவே கூடாது.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதே கண்ணாடியில் 220, 400, 800, 1500 என்று தண்ணீர் எமரி ஷீட்டுகள். விளிம்பையொட்டி ஒரு விரற்கடை அகலம் முகம் தெரிகிற அளவு பளபளத்தால் போதும், முழுத் தகடும் வேண்டாம். பிறகு சாய்வு: 25 டிகிரியில் தேய்த்து, கடைசி முனையை மட்டும் 30 டிகிரிக்கு உயர்த்தித் தீட்டுங்கள். கை நிலைக்கும் வரை, தகட்டைப் பிடித்துக்கொண்டு உருளும் சின்னச் சட்டம் ஒன்று கிடைக்கிறது, நான் 400 ரூபாய்க்கு வாங்கினேன். அதை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாய்வுப் பக்கம் தீட்டத் தீட்டப் பின்பக்கத்தில் பிசிறு எழும். கட்டை விரலை விளிம்பின் குறுக்கே வெளிப்பக்கமாக இழுத்தால் நகத்தில் தட்டும். விளிம்பு முழுக்கப் பிசிறு எழும் வரை அடுத்த நம்பர் ஷீட்டுக்குப் போகாதீர்கள். புதியவர்கள் தோற்பது இங்கேதான்: நடுவில் பிசிறு வந்துவிட்டது, ஓரத்தில் வரவில்லை, போதும் என்று விட்டுவிடுவார்கள். 1500இல் முடித்ததும் பின்பக்கத்தைப் படுக்க வைத்து நாலு இழுப்பு, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், கிழியாமல் அறுபட வேண்டும்.

தகட்டின் மேல் படியும் இரண்டாவது இரும்பை மறக்காதீர்கள். அதன் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் சீவல் அதில் போய்ச் சிக்கி அடைத்துக்கொள்ளும். நுனியைக் கண்ணாடிமேல் தேய்த்து இடைவெளி இல்லாமல் படிய வைத்து, விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறுக்குங்கள்.

10. மரப் பிடி

உடைந்த பிடியை அழுக்கு நீக்கி அரால்டைட் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். புதிதாகச் செய்வதென்றால் ஈட்டி அல்லது பூவரசு. சுத்தியலடி வாங்கும் உளிப் பிடிக்குக் கருவேலம். கொட்டாப்புளிக்கு (மரச் சுத்தியல்) புளியமரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. மெருகுக்கு ஆளி விதை எண்ணெய், மெல்லிசாக, நாளுக்கு ஒரு தடவை, மூன்று நாள். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

11. பூட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

தேக்குத் துண்டில் ஆரம்பிக்க வேண்டாம். முடிச்சில்லாத மென்மரப் பலகை ஒன்றை வைஸில் பிடியுங்கள். தகட்டை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, தள்ளிக்கொண்டே பித்தளைச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். முதலில் தூசி வரும், அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் சுருள். சுருள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் கிழிந்தும் வந்தால் பக்கவாட்டு லிவரைத் தடித்த பக்கமாகத் தள்ளுங்கள். கருவி அதிர்ந்து கடகடத்தால் முக்கால்வாசி நேரம் ஃப்ராக் திருகு தளர்ந்திருக்கும்.

வேலைக்கு வந்த முதல் கருவிக்கு எனக்கு ஆன செலவு: இழைப்புளி 600, எலுமிச்சை உப்பு 200, எமரி ஷீட்டுகள் 300, கண்ணாடி 150, உருளும் சட்டம் 400, எண்ணெய் வகையறா 150, ஆக 1,800 ரூபாய். விரிசலோடு வந்த அந்த 900ஐச் சேர்க்கவில்லை. இரண்டாவது கருவியிலிருந்து சாமான்கள் கையிலேயே இருப்பதால் இழைப்புளியின் விலை போக 100 ரூபாய்க்குள் முடிகிறது. நேரம் என்று பார்த்தால் கழற்ற ஒரு மாலை, ஊற ஓர் இரவு, அடிப்பக்கத்துக்கு இரண்டு மணி, முதல் தகட்டுக்கு மூன்று மணி. பிடி உடைந்திருந்தால் நான்கு நாள் கூடுதல்.

வைக்கும் இடம் பற்றி ஒன்று. தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் துருவேற்றும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் எல்லாவற்றையும் எடுத்து எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து, பரணில் அல்ல, கை எட்டும் அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக ஆகப் பிசுக்கேறி நாறும். தையல் மெஷின் எண்ணெய் போதும், சின்னக் குப்பி ஒரு வருடம் வரும்.